இளமைக்கு என்ன வாசம்?

ஐரோப்பாவின் புல்வெளிகளில் யாரும் விதைக்காமல் தானாக முளைத்துக் கிடக்கும் பூ, டெய்ஸி. சுற்றிலும் வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் பொட்டு. குழந்தைகள் அதைப் பறித்துக் காம்போடு காம்பு கோத்து மாலை கட்டுவார்கள். காதலில் விழுந்தவர்கள் ‘பிடிக்கும், பிடிக்காது’ என்று இதழ் இதழாகப் பிய்த்துப் போடுவார்கள். இவ்வளவு செல்லமான பூவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. மூக்கருகே கொண்டுபோனால் பச்சைப் புல் வாடைதான் லேசாக வரும்.

அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸின் பெயரில் 2007-இல் ஒரு சென்ட் வந்தபோது, அதற்கு இந்தப் பூவின் பெயரைத்தான் சூட்டினார்கள். கோட்டி நிறுவனத்தின் தயாரிப்பு. உருண்டு திரண்ட கண்ணாடிப் பாட்டில், தங்க நிற மூடி, மூடியின் மேல் தொட்டால் வளைந்து கொடுக்கும் வெள்ளை வினைல் பூக்கள். கடை அலமாரியில் பத்து பாட்டில்களுக்கு நடுவே வைத்தாலும் கை தானாக அதன் பக்கம் போகும். இளம்பெண்களை மனத்தில் வைத்துச் செய்த இந்தப் பூ சென்ட் பிடித்துக்கொண்டது. அப்புறம் என்ன? ஒரு படம் ஓடினால் இரண்டாம் பாகம் எடுப்பதுபோல 2011-இல் ‘டெய்ஸி ஓ சோ ஃப்ரெஷ்’, 2014-இல் ‘டெய்ஸி ட்ரீம்’, 2018-இல் ‘டெய்ஸி லவ்’ என்று தங்கச்சிகள் வரிசையாக வந்து இறங்கினார்கள்.

பூசிப் பார்த்தவர்களிடம் கேட்டால் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். “குளித்துவிட்டு இப்போதுதான் வந்த மாதிரி இருக்கிறது, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி வராது” என்பது ஒரு கட்சி. “நல்ல ஷாம்பூ வாசனைக்கா இவ்வளவு விலை? மதியத்துக்குள் போன இடம் தெரியவில்லை” என்பது எதிர்க்கட்சி. இரண்டுக்கும் நடுவில் முப்பது, நாற்பதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: “என் வயசுக்கு இது சரிப்படுமா?”

புகழ், புகார், கூச்சம் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். டெய்ஸி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கனமான எதையும் உள்ளே விடாமல், பார்த்துப் பார்த்து லேசாக்கிய சென்ட் அது. அந்த லேசுத்தனத்தைத்தான் இந்தத் தொழில் ‘இளமை’ என்று விற்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், பூசுகிறவர்கள் ஏன் இப்படி முட்டிக்கொள்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

பிழிய முடியாத பூக்கள்

டெய்ஸியை உருவாக்கியவர் ஆல்பர்ட்டோ மொரியாஸ். ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்து, 1970-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிர்மெனிஷ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1990-களில் ஆணும் பெண்ணும் பகிர்ந்து பூசிய ‘சிகே ஒன்’ சென்ட்டை ஹாரி ஃப்ரெமோன்ட்டோடு சேர்ந்து உருவாக்கியவர் இவர்தான். ‘ஃப்ளவர் பை கென்ஸோ’ என்று 2000-இல் வந்த சென்ட்டும் இவருடைய கைவேலை. அந்தப் பாட்டிலில் நிமிர்ந்து நிற்கும் சிவப்புப் பாப்பிப் பூவுக்கும் வாசனை இல்லை. ஆகவே, மணக்காத பூவுக்கு மணம் கட்டச் சொன்னபோது மொரியாஸ் திகைத்திருக்க மாட்டார். பழகிய வேலைதான்.

டெய்ஸியை மணிக்கட்டில் ஒருமுறை அடித்துவிட்டு மூக்கை அருகில் கொண்டுபோனால் முதலில் தெரிவது பம்ப்ளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டின் கசப்பு கலந்த புளிப்பு. கூடவே காட்டு ஸ்ட்ராபெர்ரியின் இனிப்பு. இரண்டுக்கும் அடியில், வெள்ளரிப் பிஞ்சை அப்போதுதான் நறுக்கிய மாதிரி ஒரு பச்சை வாடை. அது வயலெட் செடியின் இலை. வெள்ளரி வாடை பிரமை அல்ல. வெள்ளரிக்காய்க்கு அதன் மணத்தைக் கொடுக்கும் நானாடையீனால் என்ற வேதிப்பொருள்தான் வயலெட் இலையிலும் இருக்கிறது. பிரான்ஸின் கிராஸ் நகருக்குப் பக்கத்தில் தூரெத் சூர் லூப் என்ற மலைக் கிராமத்திலும், எகிப்திலும் இந்த இலைக்காகவே வயலெட் பயிரிடுகிறார்கள்.

பத்து, பதினைந்து நிமிஷத்தில் பழங்கள் விலகிவிடும். கார்டேனியா, வயலெட் பூ, மல்லிகை மூன்றும் கலந்த நடு மணம் மேலே வரும். கடைசியில் தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்பது கஸ்தூரி வகை மணம், கொஞ்சம் வெனிலா, கொஞ்சம் மரவாசம். விளம்பரத்தில் சொல்கிற பட்டியல் இவ்வளவுதான்.

இந்தப் பட்டியலை வாசிக்கிறவர்கள், ஏதோ ஒரு தோட்டத்தையே பிழிந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. நிஜம் வேறு. ஸ்ட்ராபெர்ரியைப் பிழிந்தால் சாறு கிடைக்கும், வாசனை எண்ணெய் கிடைக்காது. கார்டேனியாப் பூவிலிருந்து எடுக்கும் சாரம் வணிக அளவில் கட்டுப்படியாகாது. வயலெட் பூவிலிருந்து எடுத்துக் கட்டுப்படியாகும் காலமும் போய்விட்டது. ஆகவே இவற்றையெல்லாம் மேசைமேல் வைத்துத்தான் கட்டுகிறார்கள். ஸ்ட்ராபெர்ரிக்கு நூறாண்டுக்கு மேலாகப் பயன்பட்டுவரும் பொருளுக்குத் தொழிலில் ‘ஆல்டிஹைட் சி-16’ என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அது ஆல்டிஹைடும் இல்லை, அதில் பதினாறு கார்பன் அணுக்களும் இல்லை. பழைய பெர்ஃப்யூமர்கள் ரகசியத்தைக் காப்பாற்ற வைத்த பெயர்கள் இப்படித்தான் இருக்கும்.

வயலெட்டின் கதை இன்னும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலெட் சென்ட் பணக்காரச் சீமாட்டிகளின் சொத்து. 1893-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் டீமனும் க்ரூகரும் அயனோன் என்ற பொருளைக் கண்டறிந்து செய்துகாட்டினார்கள். வயலெட் மணம் மலிவாகி, கடைக்காரப் பெண்ணின் கைக்குட்டைக்கும் வந்துசேர்ந்தது. அயனோன் செய்வதற்கு மூலப்பொருள் சிட்ரால். சிட்ராலுக்கு அந்தக் காலத்தில் மூலம், கேரளத்துக் குன்றுகளில் வடித்துக் கொச்சித் துறைமுகம் வழியாகப் போன எலுமிச்சைப்புல் எண்ணெய். ‘கொச்சி எண்ணெய்’ என்றே அதற்கு உலகச் சந்தையில் பெயர். பாரிஸ் சீமாட்டியின் வயலெட், மலையாளத்துப் புல்லில் பிறந்திருக்கிறது.

லேசான பூ மணத்துக்கு இன்னொரு தூண் ஹெடியோன். மல்லிகை மணத்தை லேசாக நினைவூட்டும் ஒரு பொருள். ஃபிர்மெனிஷ் ஆய்வகத்தில் எட்வார்ட் டெமோல் இதைத் தயாரித்துக் காட்டினார். 1966-இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா, டியோரின் ‘ஓ சாவாஜ்’ என்ற ஆண்கள் சென்ட்டில் இதைப் போட்டபோதுதான் இதன் அருமை உலகுக்குத் தெரிந்தது. தனியாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கலவையில் விழுந்தால் மூடிய அறையில் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி மற்ற பூக்களுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். இன்றைய பூ சென்ட்களில் ஹெடியோன் இல்லாததைக் காண்பது அபூர்வம்.

2015-இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெடியோனை முகர்ந்த பெண்களின் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஆண்களைவிடக் கூடுதல் சலனம் தெரிந்ததாக அறிவித்தார்கள். உடனே ‘காதல் மருந்து’ என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் உண்டு. ஸ்கேனில் ஓரிடம் ஒளிர்வதற்கும் காதல் வருவதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

ஒரே பாட்டில், பல மூக்கு

அக்காவும் தங்கையும் ஒரே பாட்டிலிலிருந்து அடித்துக்கொள்கிறார்கள். அக்காவுக்குப் பூ மணக்கிறது. தங்கைக்கு ஏதோ புளித்த வாடை அடிக்கிறது. இருவரில் ஒருவர் சும்மா அலட்டுகிறார் என்று வீட்டில் முடிவு கட்டுவார்கள். தேவையில்லை. இருவருமே உண்மையைச் சொல்லலாம்.

நியூஸிலாந்து ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. அயனோன் குடும்பத்தில் பீட்டா-அயனோன் என்று ஒன்று உண்டு. வயலெட்டில் மட்டுமல்ல, ராஸ்பெர்ரியிலும் தக்காளியிலும்கூட இருக்கிறது. அதை முகரும் திறன், ஓஆர்5ஏ1 என்ற ஒரேயொரு மரபணுவில் இருக்கும் ஒரு சின்ன எழுத்து மாற்றத்தைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது என்று கண்டார்கள். கூர்மையான வகை மரபணு உள்ளவர்கள் அதை ‘பூ வாசனை’ என்றார்கள். மந்தமான வகை உள்ளவர்கள், அளவைக் கூட்டிக் கொடுத்தபோதுகூட ‘புளிப்பு’, ‘வினிகர்’, ‘நெடி’ என்றார்கள். வயலெட்டை நடுவில் வைத்துக் கட்டிய எந்த சென்ட்டுக்கும் இது பொருந்தும். ஒருவருக்குக் கிடைப்பது பூங்கொத்து, பக்கத்திலிருப்பவருக்கு ஊறுகாய் ஜாடி.

அடி மணத்திலும் இதே கதை. டெய்ஸி போன்ற சென்ட்களின் முடிவில் தங்கும் ‘சுத்தமான’ கஸ்தூரி வாசனை, மானிடமிருந்து வருவதில்லை. சலவைத்தூளிலும் துணி மென்மையூட்டும் திரவத்திலும் வருவதுபோன்ற செயற்கை மஸ்க் வகைகள்தான். இவற்றில் மிகப் பரவலானது காலக்ஸோலைட். இதைச் சிலரால் முகரவே முடியாது. மற்ற வாசனைகள் அத்தனையும் தெரியும், இது மட்டும் தெரியாது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, இதற்குக் காரணமான ஏற்பி மரபணுவையும் அடையாளம் காட்டியது.

‘நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாரின் பாதி இங்கே இருக்கிறது. பழமும் பூவும் எளிதில் ஆவியாகும் பொருட்கள், முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடும். அப்புறம் எஞ்சுவது மஸ்க். அதை உணராத மூக்குக்கு சென்ட் முடிந்துபோனதாகவே தோன்றும். அவரைக் கடந்துபோகிறவருக்கோ சாயங்காலம் வரை மணத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதிக்கு மூக்கின் பழக்கம் காரணம். எந்த வாசனையானாலும் சில நிமிஷம் தொடர்ந்து முகர்ந்தால் மூளை அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். மணக்க மணக்க மல்லிகைச் சரம் வைத்துக்கொண்ட பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் தன் தலையில் பூ இருப்பதே மறந்துபோவது இதனால்தான். அயனோன் விஷயத்தில் மூக்கு இன்னும் சீக்கிரம் அலுத்துவிடும் என்பது பெர்ஃப்யூமர்களின் நெடுநாள் அனுபவம். வயலெட் வரும், மறையும், மறுபடி வரும்.

இவையெல்லாம் போக, டெய்ஸி முதலில் வந்தது ‘ஓ டி டாய்லெட்’ வகையில். இந்த வகையில் வாசனைப் பொருளின் செறிவு பொதுவாக 5 முதல் 15 சதவீதம். ‘ஓ டி பர்ஃப்யூம்’ வகையில் இதைவிடக் கூடும். நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று கோபப்படுவதற்கு முன்னால் பாட்டிலின் அடியில் எந்த வகை என்று படிப்பது நல்லது.

சின்னப் பொண்ணு சென்ட்?

இனி வயசுக்கு வருவோம்.

சிகாகோவில் வாசனை, சுவை ஆய்வு மையம் நடத்திய டாக்டர் ஆலன் ஹிர்ஷ், 2005-இல் ஒரு சோதனை முடிவைச் சொன்னார். நடுத்தர வயதுப் பெண்கள் மீது ப்ரோக்கோலி, வாழைப்பழம், புதினா வகை, லாவண்டர், கிரேப்ஃப்ரூட் என்று வெவ்வேறு வாசனைகளைப் பூசி, ஆண்களிடம் வயதைக் கணிக்கச் சொன்னார். கிரேப்ஃப்ரூட் பூசியபோது மட்டும் கணிப்பு நிஜ வயதைவிட ஏறக்குறைய ஆறு வருஷம் குறைந்ததாம். ஆண்களுக்குப் பூசிப் பெண்களிடம் கேட்டால் இந்த வித்தை பலிக்கவில்லை. சின்னச் சோதனை, பெரிய விளம்பரம். இதை நம்பி கிரேப்ஃப்ரூட்டை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். என்றாலும் பழ வாசனைக்கும் இளமைக்கும் மனத்துக்குள் ஏதோ முடிச்சு இருக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

முடிச்சு எங்கே விழுகிறது என்பதற்கு ஸ்வீடனில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு உதவுகிறது. முதியவர்களிடம் சொல், படம், வாசனை என்று மூன்று வகைத் தூண்டுதல் கொடுத்து, ‘எது நினைவுக்கு வருகிறது?’ என்று கேட்டார்கள். சொல்லும் படமும் பதின்வயதுக் காலத்தை எழுப்பின. வாசனை எழுப்பியது பத்து வயதுக்கு முந்தைய நினைவுகளை. ஸ்ட்ராபெர்ரி வாசனையை யாரும் முப்பது வயதில் முதன்முதலாகச் சந்திப்பதில்லை. மிட்டாயில், ஐஸ்க்ரீமில், பள்ளிக்கூடப் பென்சில் பெட்டிக்குள் இருந்த வாசனை ரப்பரில் சந்தித்திருப்பார்கள். பாட்டிலில் அது வந்தால் கூடவே பழைய வயசும் வரத்தான் செய்யும்.

இளம்பெண்களைத் தனிச் சந்தையாகப் பார்க்கும் வழக்கம் டெய்ஸியோடு தொடங்கவில்லை. 1973-இல் ரெவ்லான் ‘சார்லி’யை இறக்கியது. பேன்ட் போட்டு விறுவிறுவென்று நடக்கும், தன் சம்பளத்தில் தானே சென்ட் வாங்கும் பெண்ணை விளம்பரத்தில் நிறுத்தியது. அதுவரை சென்ட் என்றால் கணவனோ காதலனோ வாங்கித் தருவது என்றிருந்த நிலைமையை ‘சார்லி’ நன்றாகவே அசைத்தது. ஐந்து வருஷம் கழித்து, 1978-இல், பிரான்ஸின் கஷரேல் வேறு திசையில் போனது. ‘அனாயிஸ் அனாயிஸ்’. பால் வெள்ளைப் பாட்டில், அதில் வெளிறிய பூ ஓவியம், உள்ளே லில்லி மணம். விளம்பரப் படங்களை எடுத்தவர் புகைப்படக் கலைஞர் சாரா மூன். பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோலத் தெரியும் பெண் முகங்கள். ஐரோப்பாவில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அம்மா வாங்கித் தந்த முதல் சென்ட் அது. டெய்ஸியின் பரம்பரையைத் தேடினால் பாட்டி ஸ்தானத்தில் இருப்பவர் ‘அனாயிஸ் அனாயிஸ்’தான்.

டெய்ஸி விளம்பரங்களும் அந்த வழிதான்: திறந்த வெளி, வெயில், வெள்ளை உடுப்பு, புல்லில் உருளும் பெண்கள். பின்னாளில் இயக்குநர் சோஃபியா கொப்போலா இந்த வரிசைக்குப் படம் எடுத்துக் கொடுத்தார்.

வெகுளித்தனத்தை விற்பதில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை இதே மார்க் ஜேக்கப்ஸ் பெயர் ஒருமுறை தாண்டியது. 2011-இல் ‘ஓ, லோலா!’ என்ற சென்ட்டுக்கு நடிகை டகோடா ஃபானிங்கை வைத்து விளம்பரம் வந்தது. அப்போது அவருக்கு வயது 17. இளஞ்சிவப்புப் புள்ளிச்சட்டை, தரையில் உட்கார்ந்திருக்கும் நிலை, தொடைகளுக்கு நடுவே பெரிய பூ வைத்த பாட்டில். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், அந்தப் பெண் பதினாறு வயதுக்குக் கீழே தெரிகிறார், ஒரு குழந்தையைப் பாலியல் நோக்கில் காட்டுவதாகத் தோன்றலாம் என்று சொல்லி அந்த ஆண்டு நவம்பரில் அந்த விளம்பரத்தைத் தடைசெய்தது. ஆணையத்துக்கு வந்த புகார்கள் நான்கே நான்கு. தடைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சரியான தீர்ப்பு. இளமையான வாசனை வேறு, இளம்பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்குவது வேறு.

டெய்ஸி பூசுகிறவர்களின் ஆர்வத்தையே காசாக்கிய கதையும் உண்டு. 2014 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஃபேஷன் வாரம் நடந்தபோது மூன்று நாளைக்கு ஒரு கடை திறந்தார்கள். பெயர் ‘ட்வீட் ஷாப்’. உள்ளே போனால் பணம் வாங்க மாட்டார்கள். டெய்ஸி பற்றி ட்விட்டரிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு வரி, ஒரு படம் போட்டுக் காட்டினால் சென்ட்டும் நகையும் கையில் கிடைக்கும். நன்றாகப் போட்டவர்களுக்குக் கைப்பைகூடக் கிடைத்தது. அதே ஆண்டு லண்டனிலும் கடை விரித்தார்கள். வாய்வார்த்தையால் சரக்கு விற்கும் என்பது எந்தச் சந்தையிலும் தெரிந்த விஷயம். அந்த வாய்வார்த்தைக்குக் கல்லாவில் விலை போட்டது மட்டும் புதுசு.

மல்லி பழகிய மூக்கு

டெய்ஸியில் மல்லிகை இருக்கிறது என்று சொன்னால் மதுரையிலோ நிலக்கோட்டையிலோ வளர்ந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு ‘எங்கே?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி. நிஜ மல்லியில் இன்டோல் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் இரவில் மல்லி மலரும்போது வீட்டையே நிறைக்கும் அந்த அடர்த்திக்கும் கிறக்கத்துக்கும் ஒரு காரணம். தனியாக, செறிவாக முகர்ந்தால் அதே இன்டோல் நாற்றம் என்றுதான் படும். இளமை சென்ட் செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். இன்டோலைக் குறைத்து, ஹெடியோனைக் கூட்டினால், குளித்துத் தலை துவட்டிய மல்லிகை கிடைக்கும். முதிர்ந்த மல்லியின் தெம்பு இருக்காது. மேலைநாட்டு அலுவலகத்தில் அதுவே வசதி. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியைத் தலை நிறைய வைத்துப் பழகியவர்களுக்கு அது கஞ்சித்தண்ணீர். இதைத் தரக்குறைவு என்று சொல்ல முடியாது. அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

அந்த அடர்த்தியைத் தேடுகிற பெர்ஃப்யூமர்கள் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். கோவை, சத்தியமங்கலம், திண்டுக்கல் வட்டாரங்களில் குண்டுமல்லி, ஜாதிமல்லி, சம்பங்கி மூன்றையும் ஹெக்ஸேன் கரைப்பானில் ஊறவைத்து முதலில் ‘கான்க்ரீட்’ என்ற மெழுகுப் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதைச் சாராயத்தில் கழுவி ‘அப்சொல்யூட்’ எடுக்கிறார்கள். ஒரு கிலோ மல்லி அப்சொல்யூட்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் பூ வேண்டும். இங்கே எடுத்தது பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பெரிய பெயர்களின் பாட்டிலுக்குள் சேர்கிறது.

டெய்ஸி செய்த மொரியாஸே பத்து வருஷம் கழித்து அந்தத் திசைக்குத் திரும்பினார். 2017-இல் அவர் குச்சி நிறுவனத்துக்குச் செய்த ‘ப்ளூம்’ சென்ட்டில் மல்லிகை, சம்பங்கியோடு மூன்றாவதாக நிற்கும் பூ, தென்னிந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டதாக நிறுவனமே சொல்லும் ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஜா நிறமாகி, அப்புறம் சிவக்கும் கொடி. நம்மூரில் எத்தனையோ வீட்டு வாசலில் இரும்பு வளைவின் மேல் படர்ந்து கிடக்கிறது. ‘ப்ளூம்’ சென்ட்டை முகர்ந்துவிட்டு டெய்ஸிக்கு வந்தால், ஒரே கைக்காரர் பூவை எவ்வளவு ஏற்றவும் இறக்கவும் முடியும் என்பது தெரியும்.

நெடுநாளாக ஒரே சென்ட்டைப் பூசுகிறவர்களிடம் இன்னொரு மனக்குறை உண்டு: “முன்னைப் போல இல்லை.” சில சமயம் அது ஞாபகத்தின் மிகை. பல சமயம் உண்மை. லேசான பூ சென்ட்களில் லில்லி வாசனைக்காக வெகுகாலம் புழங்கிய லிலியால் என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தி, 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துவிட்டது. ஒவ்வாமை உண்டாக்கிய லைரல் என்ற இன்னொரு பொருளை அதற்கு முந்தைய ஆண்டே கடைகளிலிருந்து அகற்றச் சொல்லிவிட்டது. இவற்றை நம்பியிருந்த சென்ட்கள் எல்லாம் சத்தமில்லாமல் செய்முறையை மாற்றிக்கொண்டன. பெட்டியின் மேல் ‘புதிய கலவை’ என்று யாரும் அச்சடிப்பதில்லை. மூக்கு கண்டுபிடித்துவிடுகிறது.

சரி, டெய்ஸி வாங்கலாமா? வகுப்பறை, அலுவலகம், பேருந்து என்று அடைந்த இடங்களில் நாளைக் கழிப்பவருக்கு நல்ல தேர்வு. சென்னை வெயிலுக்கும் ஒத்துவரும். கல்யாண வீட்டுக்கும் ராத்திரி விருந்துக்கும் போதாது. வயசைப் பற்றிய கூச்சம் வேண்டியதில்லை. மரபணுவும் தோலும் தீர்மானிக்கும் விஷயத்தில் பிறந்த வருஷத்துக்கு வேலை இல்லை.

கடைக்குப் போகிறவர்கள் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். அதில் தெரிவது முதல் பத்து நிமிஷத்துப் பழ வாசனை மட்டும்தான். மணிக்கட்டில் ஒருமுறை அடித்து, தேய்க்காமல் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து அக்காவிடமோ தோழியிடமோ கையை நீட்டி, என்ன மணக்கிறது என்று கேளுங்கள். அவர் பதிலும் உங்கள் மூக்கு சொல்வதும் ஒத்துப்போனால் மறுநாள் போய் பில் போடுங்கள். முதல் தடவைக்கு 100 மி.லி. பாட்டில் வேண்டாம், சின்னதே போதும்.